காம்பி பாய்லரில் பிரஷர் தினமும் இறங்குகிறது, வீட்டில் எங்கும் ஈரம் இல்லை

ஹாரோ செல்வி

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஹாரோ பக்கம் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. மூன்று படுக்கையறை. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள், அந்தப் பகுதி மட்டும் காங்கிரீட் தரை, மற்ற இடமெல்லாம் பலகைத் தரை. 9 ரேடியேட்டர், அவற்றுக்கும் குளிக்கும் வெந்நீருக்கும் சேர்த்து ஒரு காம்பி பாய்லர். பாய்லருக்கு ஒன்பது வயதாகிறது.

இரவு பிரஷரை 1.3 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) ஏற்றிவிட்டுப் படுத்தால் காலையில் 0.4க்குக் கீழே கிடக்கிறது. தண்ணீர் குறைவு என்ற பிழைக் குறியீட்டைக் காட்டி பாய்லர் நின்றுவிடுகிறது. அடியில் இருக்கும் வெள்ளி நிறக் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றினால் உடனே ஓடுகிறது. மறுநாள் காலையில் அதே கதை.

ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். சில நிமிடம் பார்த்துவிட்டு, "காங்கிரீட்டுக்குள் குழாய் ஒழுகுகிறது, இல்லையென்றால் பாய்லர் முடிந்துவிட்டது, புதுசு போட 2,800 பவுண்டு" என்று சொல்லிப் போய்விட்டார். தரையில், கூரையில், சுவரில் எங்கேயும் ஈரம் தெரியவில்லை. வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார், காலையில் குளிர்ந்து கிடக்கும் வீட்டில் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன்னால் நாங்களே என்ன பார்க்கலாம்? தினமும் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தால் ஏதாவது கெடுதலா?

கிராய்டன் பாலா

எங்கள் வீட்டில் இதே மாதிரிதான் ஆனது. கடைசியில் கூடத்துத் தரைக்கு அடியில் ஒழுகல். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் "டிரேஸ் அண்ட் ஆக்சஸ்" என்று ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் தரையை உடைத்துத் திரும்பப் போடவும் ஆகும் செலவு அதில் வரும். காப்பீட்டுக்காரர்களை முதலில் கூப்பிடுவது நல்லது.

ஹீட்டிங் சிவா

பாலா சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் காங்கிரீட்டில் கை வைப்பது கடைசி வேலை. நான் கேஸ் சேஃப் பதிவோடு (கேஸ் வேலை செய்ய இங்கே சட்டப்படி வேண்டிய பதிவு) ஹீட்டிங் வேலை செய்கிறவன். பிரஷர் இறங்குகிறது என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது பிரஷர் காட்டும் கேஜ் முள்ளைத்தான். அது எந்த நேரத்தில் எப்படி நகருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

சகோதரி, இவற்றுக்குப் பதில் சொல்லுங்கோ:

பாய்லர் ஒரு மணி நேரம் ஓடி ரேடியேட்டர் எல்லாம் நல்ல சூடாக இருக்கும்போது கேஜ் எவ்வளவு காட்டுகிறது? காலையில் 0.4 என்பது தெரிகிறது, சூட்டில் எவ்வளவு என்பதுதான் எனக்கு வேண்டும்.

பாய்லர் மாட்டியிருக்கும் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கோ. 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஒன்று வெளியே வந்து, நுனி சுவரைப் பார்த்து வளைந்திருக்கும். அதற்குக் கீழே சுவர் நனைந்திருக்கிறதா, வெள்ளைக் கறை இருக்கிறதா?

அந்த வெள்ளி நிறக் குழாய்க்குப் பெயர் ஃபில்லிங் லூப். அதன் வால்வுகள் இறுக்கி மூடியிருக்கின்றனவா? தண்ணீர் ஏற்றி முடிந்ததும் அதைக் கழற்றி வைப்பதுதான் இங்கத்தைய குடிநீர் விதி, ஹீட்டிங் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காக. பலர் கழற்றுவதில்லை.

தினமும் ஏற்றலாமா என்று கேட்டீர்கள். வீடு குளிராமல் இருக்க இப்போதைக்கு ஏற்றுங்கோ, வேறு வழியில்லை. ஆனால் மாதக்கணக்கில் செய்யக் கூடாது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் புதுத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. ரேடியேட்டர் இரும்பு, அது உள்ளுக்குள் துருப்பிடிக்கத் தொடங்கும். அடியில் கறுப்புச் சேறு படியும், பம்பும், நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் அடைபடும். சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்குவது இந்தத் தினசரி நிரப்பல்தான்.

நடுநிசி வாசகன்

போன வாரம் நல்ல உறைபனி. பாய்லரில் ஊறும் கழிவுத் தண்ணீர் வெளியேறும் கண்டென்சேட் குழாய் உறைந்திருக்குமோ? 2010 டிசம்பரில் எங்கள் தெரு முழுக்க பாய்லர் நின்றுபோனதே அதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

ஹீட்டிங் சிவா

அது வேறு நோய். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து போடும் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகை. எரியும்போது அவற்றில் ஊறும் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகும். அந்தக் குழாய் மெல்லியதாக இருந்து வெளிச் சுவரில் ஓடினால் உறையும். அப்போது பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு, பற்றவைக்க முடியாமல் நிற்கும். ஆனால் கேஜ் இறங்காது. அந்தத் தண்ணீருக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் தொடர்பே இல்லை. இவருக்குக் கேஜ்தான் இறங்குகிறது.

மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்: உறைந்த குழாயில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கும். நீங்கள் சொன்ன வெதுவெதுப்புதான் சரி.

ஹாரோ செல்வி

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிவா அண்ணா, நீங்கள் கேட்டபடி பார்த்தேன்.

சூட்டில் கேஜ் 2.8 வரை போகிறது, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில். இதை இதுவரை யாரும் பார்க்கச் சொல்லவே இல்லை, வந்து பார்த்தவரும் கேட்கவில்லை. வெளிச் சுவரில் அந்தச் செம்புக் குழாய் இருக்கிறது. கீழே செங்கல்லில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, கொஞ்சம் பாசியும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த வாரம் முழுக்க மழை, அதனால் ஈரம் எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. ஃபில்லிங் லூப் வால்வுகள் மூடித்தான் இருக்கின்றன, குழாயைக் கழற்றவில்லை.

ஹீட்டிங் சிவா

நான் எதிர்பார்த்த பதில் இதுதான். காங்கிரீட்டைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கோ.

தண்ணீர் சூடானால் விரியும். உங்கள் அளவு வீட்டில் குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது அது கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடும். நாலு பக்கமும் மூடிய குழாய்க்குள் அந்த 3 லிட்டருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பதுதான் எக்ஸ்பான்ஷன் வெசல். பெரும்பாலான காம்பி பாய்லர்களில் அது உள்ளேயே, முதுகுப் பக்கம் தட்டையான தகர டப்பாவாக இருக்கும். 8 அல்லது 10 லிட்டர் கொள்ளும். நடுவில் ரப்பர் தகடு, ஒரு பக்கம் ஹீட்டிங் தண்ணீர், மறுபக்கம் 0.75 முதல் 1 பார் வரை காற்று. தண்ணீர் விரிந்தால் ரப்பர் நகர்ந்து காற்றை நெருக்கும், ஆறினால் காற்று திரும்பத் தள்ளும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் குளிரில் 1.2 காட்டும் கேஜ் சூட்டில் 1.6, 1.8 என்று மெதுவாக ஏறி நிற்கும்.

காற்று வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும், கால்பந்தில் காற்றுப் போவதுபோல. காற்றில்லாத வெசலில் தண்ணீர் விரிய இடமில்லை, பிரஷர் மளமளவென்று ஏறும். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறக்கும். பிரஷர் ரிலீஃப் வால்வு என்று பெயர், நாங்கள் பி.ஆர்.வி. என்போம். அது வெளியேற்றும் தண்ணீர்தான் அந்தச் செம்புக் குழாய் வழியாக உங்கள் சுவரில் விழுகிறது. பாய்லர் ஆறும்போது, வெளியே போன தண்ணீர் அளவுக்குப் பிரஷர் குறைந்து 0.4க்கு வந்துவிடும். நீங்கள் ஏற்றுகிறீர்கள், அது கொட்டுகிறது. வீட்டுக்குள் ஈரமே இல்லாததற்கும் இதுதான் காரணம்.

2.8 என்பது 3க்குக் கீழேதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு தடவை திறந்த பி.ஆர்.வி. பிறகு சரியாக உட்காராது. வாயில் ஒரு துகள் சிக்கினால் போதும், 2 பாரிலேயே சொட்டும்.

மழையா பாய்லரா என்று தெரிய ஒரு வழி: அந்தச் செம்புக் குழாயின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பாண்டால் தளர்வாகக் கட்டுங்கோ, காலையில் பாருங்கோ. பார்த்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அந்தக் குழாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

மில்டன்கீன்ஸ் ரவி

சிவா அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் சூட்டில் 2.8 என்றதுமே வெசல் என்று முடிவு கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கேஜ் ஏற இன்னும் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஃபில்லிங் லூப் வால்வு மூடியபடி இருந்தும் உள்ளே கசிவது. தெருக் குழாயின் அழுத்தம் ஹீட்டிங்கை விட அதிகம், அதனால் சொட்டுச் சொட்டாக உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, பாய்லருக்குள் குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஊசித்துளை. அப்போதும் தெருத் தண்ணீர் ஹீட்டிங் பக்கம் போகும். லண்டன் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்பு படிந்து அந்தத் தகடுகள் படும் பாடு கொஞ்சமல்ல.

பிரித்தறிவது சுலபம். இரவு முழுக்க பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். அணைத்த பாய்லரில் கேஜ் தானாக ஏறினால் தண்ணீர் உள்ளே வருகிறது. ஏறவில்லை, சூட்டில் மட்டும் ஏறுகிறது என்றால் வெசல்தான். வெசலைச் சரிசெய்த பிறகும் பி.ஆர்.வி. கொட்டினால் அப்புறம் பாய்லரையே குறை சொல்வார்கள். முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஹீட்டிங் சிவா

ரவி சொல்வது முறையான சோதனை, செய்யத்தான் வேண்டும். செல்வி, ஃபில்லிங் லூப்பின் இரண்டு பக்க வால்வையும் மூடி, குழாயையே கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கோ. கழற்றும்போது கொஞ்சம் தண்ணீர் விழும், கீழே ஒரு பாத்திரம் வைக்க வேண்டும். மூடிய வால்வின் வாயில் பிறகும் சொட்டினால் அந்த வால்வுதான் கசிகிறது. சொட்டாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

ஹாரோ செல்வி

செய்து பார்த்தோம். மாமியாருக்கு ஒரு சின்ன மின்சார ஹீட்டர் போட்டுவிட்டு இரவு பாய்லரை அணைத்தோம். கேஜ் ஏறவே இல்லை. கழற்றிய லூப் வால்விலும் சொட்டு இல்லை. அடுத்த நாள் ஹீட்டிங் ஓடிய பிறகு பையில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர், தொட்டால் வெதுவெதுப்பு. அன்றைக்கு மழையும் இல்லை.

மில்டன்கீன்ஸ் ரவி

அப்படியானால் சந்தேகமில்லை. வெசலும் பி.ஆர்.வி.யும்தான்.

நடுநிசி வாசகன்

இதற்கு ஆள் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. வெசலில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான் இருக்கும். நான் பாய்லர் மூடியைத் திறந்து சைக்கிள் பம்பாலேயே அடித்தேன். பிரமாதமாக ஓடுகிறது.

ஹீட்டிங் சிவா

பம்பில் தவறில்லை, நாங்களும் அதைத்தான் கொண்டுபோகிறோம். மூடியைத் திறப்பதுதான் பிரச்சினை. பல பாய்லர்களில் முன்மூடியே எரியும் பகுதியின் காற்றடைப்பாகவும் இருக்கிறது. திறந்து மூடும்போது ரப்பர் விளிம்பு சரியாக உட்காராவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் கேஸ் சேஃப் பதிவு இருக்கிறவர் மட்டுமே அதைத் திறக்கலாம் என்கிறோம். சில மாடல்களில் மூடியைத் தொடாமல் மேலிருந்தே வெசல் வால்வை எட்டலாம், அவற்றின் கையேட்டில் அது இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் மற்றவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள் தம்பி. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கி வையுங்கோ.

செல்வி, வேலை இதுதான். பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, ஹீட்டிங் பக்கப் பிரஷரைப் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். வடிகுழாயைத் திறந்தே வைத்துக்கொண்டுதான் வெசலில் காற்று அடிக்க வேண்டும். இறக்காமல் அடித்தால் பம்பின் கேஜ் தண்ணீரின் பிரஷரையே காட்டும், வெசல் நிரம்பிவிட்டது என்று ஏமாற்றும். அவசரமாக வருகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள், அப்புறம் ஒரே மாதத்தில் பழைய நிலைமை திரும்பும். காற்று அடிக்கும் முன் வால்வு ஊசியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கோ. தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, வெசலையே மாற்ற வேண்டும். பாய்லரைக் கழற்றாமல் வெசலை எடுக்க முடியாத மாடல் என்றால், திரும்பும் குழாயில் வெளியே தனியாக ஒரு வெசல் பொருத்தலாம். அதற்கும் புதுப் பாய்லர் தேவையில்லை.

பி.ஆர்.வி.யைக் கூடவே மாற்றிவிடச் சொல்லுங்கோ. வருகிறவரின் கேஸ் சேஃப் அட்டையை வாங்கிப் பின்பக்கம் பாருங்கோ, எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இருக்கும். கேஸ் சேஃபுக்கு முன்பு இருந்த கோர்கி பதிவின் அட்டை 2009 ஏப்ரல் 1 முதல் செல்லாது, இன்னமும் வேனில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹாரோ செல்வி

வேறொருவரைக் கூப்பிட்டோம். அட்டையைக் கேட்டதும் அவரே சிரித்துக்கொண்டு எடுத்துக் காட்டினார். ஊசியை அழுத்தியபோது தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை. ரப்பர் நன்றாக இருக்கிறது, காற்றுதான் போயிருக்கிறது என்றார். பிரஷரை இறக்கி 0.8க்குக் காற்று அடித்தார், பி.ஆர்.வி. மாற்றினார், 1.2க்கு நிரப்பினார். இப்போது நல்ல சூட்டில் 1.6தான். வெளிச் சுவரில் பை காய்ந்தே இருக்கிறது. அந்த 2,800 பவுண்டை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. சிவா அண்ணாவுக்கும் ரவி அண்ணாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம். இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. முன்பு மாதிரி ஒரே இரவில் இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை 0.1 குறைகிறது. இதை விட்டுவிடலாமா?

கிராய்டன் பாலா

ரேடியேட்டர்களில் காற்று எடுத்தீர்களா? காற்று எடுத்தால் அந்த அளவுக்குக் குறையும். எங்கள் வீட்டிலும் மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவேன், அது சாதாரணம்.

மில்டன்கீன்ஸ் ரவி

பாலா, மாதம் ஒருமுறை ஏற்றுவது சாதாரணம் இல்லை. மூடிய சிஸ்டம் ஒரு குளிர்காலம் முழுக்கத் தாங்க வேண்டும். வடித்து நிரப்பிய பிறகு முதல் சில நாள் காற்று வெளியேறிக் கொஞ்சம் குறையும், அது சரி. அதற்குப் பிறகும் குறைந்தால் எங்கோ போகிறது என்றுதான் பொருள். உங்கள் வீட்டிலும் பார்க்க வேண்டியதுதான்.

ஹீட்டிங் சிவா

ரவி சொல்வதே என் கருத்தும். செல்வி வீட்டில் இரண்டு பழுது சேர்ந்தே இருந்திருக்கலாம். பெரியது சின்னதை மறைத்துவிட்டது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் பாய்லருக்குள் போகிறதா, வீட்டுக் குழாயில் போகிறதா? பாய்லரின் அடியில் ஹீட்டிங் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் தண்ணீரை மறிக்கும் ஐசொலேஷன் வால்வு இருக்கும், பெரும்பாலும் இரண்டு ஓரத்திலும். இரவு பாய்லரை மின்சாரத்தோடு அணைத்து, முழுக்க ஆறிய பின் கேஜைக் குறித்துக்கொண்டு, அந்த இரண்டையும் கால் சுற்றுத் திருப்பி மூடுங்கோ. சுவிட்சில் "போடாதே" என்று ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கோ, யாராவது அரைத்தூக்கத்தில் போட்டுவிடக் கூடாது.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேஜ் இருப்பது பாய்லர் பக்கம். வால்வை மூடியபின் அது பாய்லரின் பிரஷரை மட்டுமே காட்டும். காலையில் கேஜ் இறங்கியிருந்தால் பழுது பாய்லருக்குள். பெரும்பாலும் மெயின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு, தண்ணீர் கண்டென்சேட் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்விடும், யார் கண்ணிலும் படாது. கேஜ் அப்படியே நின்று, வால்வைத் திறந்த நொடியில் விழுந்தால் பழுது வீட்டுக் குழாயில். சிஸ்டம் மெதுவாகத்தான் இழக்கிறது என்பதால் ஒரே இரவில் தெரியாமல் போகலாம், வார இறுதியில் கொஞ்சம் நீட்டி வைக்க முடிந்தால் நல்லது.

வால்வு இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். பழைய வால்வு அச்சிலேயே கசியத் தொடங்கிவிடும்.

ஹாரோ செல்வி

மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுச் செய்தோம். கேஜ் அசையவில்லை. வால்வைத் திறந்ததும் சட்டென்று இறங்கியது. அப்படியானால் பாய்லர் நல்லது, குழாயில்தான் ஒழுகல். திரும்பவும் காங்கிரீட்டுக்கே வந்துவிட்டோமா அண்ணா? சமையலறையில் போன வருடம்தான் டைல் போட்டோம்.

மாலா லூயிஷம்

தங்கச்சி, டைலை உடைக்கிற யோசனை இப்ப வேண்டாம். ஒவ்வொரு ரேடியேட்டராக முதலில் பாருங்கோ. எங்கட வீட்டிலும் ஈரம் எங்கேயும் இல்லை என்றுதான் வந்த எல்லாரும் சொன்னவை. ஹீட்டிங் ஓடுகிற நேரத்தில்தான் எல்லாரும் வந்து பார்த்தவை. சூட்டில் சொட்டுகிற துளி குழாயிலேயே காய்ந்து போகும், கையில் படாது. அதிகாலையில், எல்லாம் குளிர்ந்திருக்கிற நேரத்தில், உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு வால்வையும் சுற்றித் துடையுங்கோ. ஈரம் பட்டால் உடனே தெரியும். அதோடு பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்கு மாதிரிப் படிந்திருந்தால், இப்ப ஈரம் இல்லாவிட்டாலும் அங்கேதான் கசிவு.

சோபாவுக்குப் பின்னால், அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறதை விட்டுவிடாதேயுங்கோ. எங்களுக்கு அகப்பட்டது கட்டிலுக்குப் பின்னால்.

ஹீட்டிங் சிவா

மாலா அக்கா சொன்னது முழுக்கச் சரி. குளிரில் உலோகம் சுருங்கும்போது மட்டும் கசிகிற இணைப்புகள் நிறைய. வால்வின் தலைக்குக் கீழே அச்சைச் சுற்றி ஒரு சின்ன நட் இருக்கும், கிளாண்ட் நட். அதில்தான் கசிவு அதிகம். அடுத்து ரேடியேட்டரும் வால்வும் சேரும் இணைப்பு, காற்று எடுக்கும் திருகு, கீழ்த்தளத்தில் தண்ணீர் வடிக்கும் குழாய், குளியலறைத் துவாலை ரேடியேட்டர்.

இன்னொன்று: சமையலறை ரேடியேட்டருக்குப் போகும் குழாய் தரையிலிருந்து மேலே வருகிறதா, கூரையிலிருந்து கீழே இறங்குகிறதா? பின்னால் நீட்டிக் கட்டிய அறைகளில் காங்கிரீட்டைக் குடையாமல் மேலிருந்து இறக்கிவிடுவது வழக்கம். அப்படி என்றால் உங்கள் காங்கிரீட்டுக்குள் ஹீட்டிங் குழாயே இருக்காது.

ஹாரோ செல்வி

அண்ணா, குழாய் மேலிருந்துதான் வருகிறது! மூலையில் மரப்பெட்டி அடித்து மறைத்திருக்கிறார்கள், திறந்து பார்த்தோம். தரைக்குள் எதுவும் போகவில்லை. காங்கிரீட்டுக்குள் ஒழுகுகிறது என்று சொன்னவர் அந்த மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் மாலா அக்கா சொன்னபடி காலையில் எல்லா அறையும் துடைத்துப் பார்த்தோம். மாடியில் சின்ன அறை, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டர். வால்வைச் சுற்றிப் பச்சையாகப் பொருக்கு, டிஷ்யூ நனைந்தது. கீழே கம்பளத்தைத் தூக்கினால் பலகையில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை.

ஹீட்டிங் சிவா

அகப்பட்டுவிட்டது. கிளாண்ட் நட்டா என்று பாருங்கோ. ஆம் என்றால் ஸ்பானரால் வலப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாக, நிதானமாக இறுக்க வேண்டும். வால்வு கையால் சுழலும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். இறுக்கியும் நிற்காவிட்டால் நட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் பி.டி.எஃப்.இ. நூல் சுற்றச் சொல்லுங்கோ, இல்லை வால்வையே மாற்றலாம். இதில் கேஸ் வேலை எதுவும் இல்லை, நல்ல பிளம்பர் போதும்.

ஹாரோ செல்வி

கணவர் இறுக்கினார். டிஷ்யூ உலர்ந்தே இருக்கிறது. கேஜ் 1.2லேயே நிற்கிறது, நேற்று இரவு வெளியே மைனஸில் இருந்தபோதும் அசையவில்லை. ஃபில்லிங் லூப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். காலையில் மாமியார் எழுந்து வரும்போது வீடு சூடாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

இத்தனை நாள் புதுத் தண்ணீர் ஏற்றியதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஹீட்டிங் சிவா

செய்ய வேண்டும், அதை மறக்காமல் கேட்டது நல்லது. ரேடியேட்டர் தண்ணீரில் இன்ஹிபிட்டர் என்று ஒரு மருந்து கலந்திருக்கும், துருவைத் தடுப்பது அதுதான். கொட்டிக் கொட்டி நிரப்பியதில் அது நீர்த்துப்போயிருக்கும். 100 லிட்டருக்குப் போதுமான ஒரு பாட்டில் ஊற்றச் சொல்லுங்கோ. காற்று எடுக்கும்போது ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கோ: தெளிவாக இருந்தால் இன்ஹிபிட்டர் மட்டும் போதும், மை மாதிரிக் கறுப்பாக இருந்தால் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் துருச் சேற்றைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் இல்லையென்றால் அடுத்த சர்வீஸின்போது ஒன்று போட்டுவிடுங்கோ. அந்தச் சர்வீஸில் வெசலின் காற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. கேட்டால்தான் செய்கிறார்கள்.

லெஸ்டர் வாடகைவாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வாடகை வீட்டிலும் இதே பிரச்சினை. வீட்டுக்காரர் "நீங்களே தினமும் ஏற்றிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை" என்கிறார். கைக்குழந்தை இருக்கிறது.

மில்டன்கீன்ஸ் ரவி

அது அவர் வேலை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 11ஆம் பிரிவு: அறைகளைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் செல்லாது. போனில் பேசாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். காலையில் கேஜ் காட்டுவதைப் படமெடுத்து இணையுங்கள், குழந்தை இருப்பதையும் குறிப்பிடுங்கள். அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு அதே மின்னஞ்சலை அனுப்பலாம்.

வருடத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழ் நகலையும் அவர் உங்களுக்குத் தர வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயம். இரண்டும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எப்போதாவது கேஸ் மணம் வந்தால் வீட்டுக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 0800 111 999க்குப் போன் செய்யுங்கள்.

லெஸ்டர் வாடகைவாசி

மிக்க நன்றி அண்ணா. அலாரம் இல்லை. இன்றே எழுதுகிறேன்.

ஹீட்டிங் சிவா

தம்பி, அவர் வாங்கித் தரும்வரை காத்திருக்காமல் அலாரத்தை நீங்களே ஒன்று வாங்கி வைத்துவிடுங்கோ, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு பிறகு கேட்கலாம். கேஜ் சூட்டில் எவ்வளவு போகிறது, வெளிக் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கோ.

கிராய்டன் பாலா

இதையெல்லாம் படித்துவிட்டு என் வீட்டு வால்வுகளையும் டிஷ்யூவால் துடைக்கத் தொடங்கியிருக்கிறேன். கீழ்த்தளம் முடிந்தது, எல்லாம் உலர்ந்திருக்கிறது. மாடி பாக்கி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், வீடு பூட்டியிருக்கும். பாய்லரை அணைத்துவிட்டுப் போகலாமா?

ஹீட்டிங் சிவா

ஜனவரியில் அணைக்காதீர்கள். மின்சாரத்தோடு அணைத்தால் பாய்லரின் உறைபனிப் பாதுகாப்பும் வேலை செய்யாது, குழாய் உறைந்து வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை 12 டிகிரி அளவில் வைத்து ஓடவிடுங்கோ, கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்குத் (லாஃப்ட்) திறக்கும் மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்தால் மேலே தண்ணீர்க் குழாய்களுக்கும் சூடு போகும். வீடு காலியாக இருக்கும்போது இவ்வளவு சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று காப்புறுதிப் பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கோ. ஆனால் மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டிய பாய்லரை அப்படியே விட்டுப் போனால், நீங்கள் ஊரில் இருக்கும்போது பிரஷர் இறங்கி நின்றுவிடும். அதனால் மாடி ரேடியேட்டர்களை இந்த வாரமே துடைத்துப் பார்த்து முடியுங்கோ.